பஸ் வாசலில் நின்ற மெஷின்

பச்சை பனியனின் நெஞ்சில் ஒரு சிவப்பு முள்ளங்கி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலே வெர்லன் டாக்கெட்டின் முகமும் இளித்துக்கொண்டிருந்தது. இரண்டில் எதை முதலில் வெளியே தள்ளுவது என்று ஒலீத்தா கெயின்ஸ் யோசித்தாள்.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். அமெரிக்கத் தெற்கில், ஆர்கன்சா டெல்டாவின் ஆகஸ்ட் புழுக்கம் டல்லி ஃபெரி தொடக்கப்பள்ளியின் சமையற்கூடத்துக்குள் அடுப்புக்கு மேல் அடுப்பாக உட்கார்ந்திருந்தது. பிரின்சிபல் அம்மாள் அந்த ஆளைக் கதவருகே நிறுத்தி வைத்துக்கொண்டு, இந்த வருஷம் முழுக்க இவர் நம் பள்ளியில் சேவை செய்யப்போகிறார், பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாட்டைப் பழக்கிக் கொடுக்கப்போகிறார், தோட்டம் போடுவார், வாரம் ஒருமுறை சாப்பாட்டு வரிசையில் ருசி காட்டுவார், மிஸ் ஒலீத்தா ஒத்துழைக்க வேண்டும் என்று சொன்னாள்.

"இவரா?" என்றாள் ஒலீத்தா.

"ஏன், இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. இவருக்கும் பிள்ளைங்களைத் தெரியும். நல்ல சாப்பாட்டைத்தான் தெரியாது."

பிரின்சிபல் அம்மாள் ஊருக்குப் புதிது. அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிய எர்லீன், உருளைக்கிழங்குத் தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். எர்லீன் அந்தச் சமையற்கூடத்தின் இரண்டாவது கை. ஒலீத்தா பேசுவதைக் கேட்பதற்காகவே வேலைக்கு வருகிறவள்.

வெர்லன் டாக்கெட் இருபது வருஷத்துக்கு மேலாக அந்த ஜில்லா முழுக்க சிப்ஸ் வண்டி ஓட்டியவன். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் காசு போட்டால் பொட்டலம் தள்ளும் மெஷின் ஒன்றை நிறுத்தி, வாரம் இரண்டு தடவை வந்து அதன் வயிற்றை ரொப்பிவிட்டுப் போவான். சோளச் சிப்ஸ், சீஸ் தடவிய சிப்ஸ், விரலெல்லாம் செக்கச்செவேலென்று ஒட்டிக்கொள்ளும் காரச் சிப்ஸ். டல்லி ஃபெரியில் அந்த மெஷின் பஸ் வாசலை ஒட்டி நின்றது. காலையில் பஸ்ஸிலிருந்து குதிக்கும் பிள்ளை முதலில் பார்ப்பது அதைத்தான். பிள்ளை சாப்பாட்டு வரிசைக்கு வரும்போது கையில் காசும் இருக்காது, வயிற்றில் இடமும் இருக்காது.

அப்புறம் வாஷிங்டனில் சட்டம் மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் கண்டதையும் விற்கக் கூடாது என்றார்கள். மெஷின் போயிற்று. மெஷினோடு வெர்லனின் பாதி வேலையும் போயிற்று. கம்பெனி இரண்டு ரூட்டை ஒன்றாக்கி, மீதிப் பாதியை ஒரு சின்ன வயசுக்காரனிடம் கொடுத்தது. அறுபதை நெருங்கும், முட்டி தேய்ந்த ஆளை யார் வேலைக்கு வைப்பார்கள்? பள்ளிச் சேவைக்கு ஆள் தேவை என்று நூலகப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். காலேஜ் முடித்த பிள்ளைகளுக்கென்று வைத்த வேலை. டல்லி ஃபெரிக்கு வர ஒரு காலேஜ் பிள்ளையும் மனசு வைக்கவில்லை. வெர்லன் மட்டும்தான் கேட்டான்; வெர்லனையே எடுத்துக்கொண்டார்கள்.

"நரியைக் கூப்பிட்டு கோழிக்கூண்டுச் சாவியைக் குடுத்திருக்காங்க," என்றாள் ஒலீத்தா. "அதுக்குப் பச்சைச் சட்டை வேற தச்சுப் போட்டிருக்காங்க."

பெட்ரோல் பங்கில் காபி குடிக்கும் கூட்டம் இவளைவிட மோசம். "என்ன வெர்லன், முயலுக்குத் தீனி போடப் போறியாமே" என்று ஒருவன். "டேய், அந்த முள்ளங்கிக்கு உன் மூக்குடா" என்று இன்னொருவன். வெர்லனுக்கு எதுவும் உறைக்கவில்லை. கடைக் கதவு மூக்கில் அறைந்த பிறகும் நின்று விற்ற தோல் அது.

ஒலீத்தா தன் கையால் ஆனதைச் செய்தாள். தோட்டத்துக்கு இடம் கேட்டபோது, குப்பைத் தொட்டிக்குப் பின்னால், பழைய பஸ் எஞ்சின் எண்ணெய் சொட்டிக் கருகிப்போன மூலையைக் காட்டினாள். கத்தி கேட்டபோது பிடி ஆடுவதைக் கொடுத்தாள். சமையற்கூடத்துக்குள் வருகிறவன் முடி உதிராமல் தலைக்கு வலை போட வேண்டும் என்றாள். அவன் வழுக்கைத் தலையன். போட்டுக்கொண்டு வந்தான். அன்று எர்லீனுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் பிடித்துவிட்டது.

முதல் ருசி காட்டும் நாளில் அவன் கொண்டுவந்தது வேகவைக்காத டர்னிப், முள்ளங்கிக்கு உறவான வெள்ளைக் கிழங்கு. சேவைத் திட்டத்தின் மேலிடத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், மேரன் என்று பெயர், தலைநகரிலிருந்து வாரா வாரம் அவனோடு போனில் பேசுவாள். பச்சையாக மெல்லிசாகச் சீவிக் கொடுங்கள், பிள்ளைகள் மொறுமொறுப்பை விரும்புவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அவன் அப்படியே சீவிக் காகிதக் கிண்ணங்களில் அடுக்கினான். மேலே கொஞ்சம் உப்பு வேண்டும், தொட்டுக்கொள்ள ஏதாவது வெள்ளைச் சாஸ் இருந்தால் நல்லது என்று ஒலீத்தாவிடம் கேட்டான்.

உப்புக்கு அரசாங்கத்தில் கணக்கு இருக்கிறது, தர முடியாது என்றாள். சாஸ் தீர்ந்துபோயிற்று என்றாள். சாஸ் டப்பா அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

டர்னிப்பைப் பச்சையாக, உப்பில்லாமல் கடித்தால் எப்படி இருக்கும்? மழையில் ஊறிய வேலிக் கட்டையைக் கடித்த மாதிரி இருக்கும். முதல் வகுப்புப் பிள்ளைகள் துப்பின. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து செத்தவன் மாதிரி நடித்தான். அதைப் பார்த்து இன்னும் ஐந்தாறு பேர் செத்தார்கள். கியோனா என்ற குட்டிப்பெண் மட்டும் முழுசும் மென்று விழுங்கிவிட்டு, "மிஸ்டர் வெர்லன், இது யாரு மேல கோவத்துல செஞ்சது?" என்று கேட்டாள்.

ஒலீத்தா அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டே போனாள்.

ஆனால் அடுத்த வாரமும் அந்த முள்ளங்கிச் சட்டை கதவில் வந்து நின்றது. அதற்கடுத்த வாரமும். ஒருநாள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஒருநாள் தோலோடு வேகவைத்த பட்டாணி. பாதிப் பிள்ளைகள் துப்பின, கால்வாசி சும்மா கையில் வைத்துக்கொண்டு நின்றன, மீதிக் கால்வாசி தின்றன. வெர்லனுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. "நாலு பேர்ல ஒருத்தன் வாங்கினா அது நல்ல ரூட்டு மிஸ் ஒலீத்தா" என்றான்.

இதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் திருந்தி வந்திருந்தால் அது ஒரு கதை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எத்தனை பேர் எழுந்து நின்று, நான் பாவி, இன்ன பாவம் செய்தேன் என்று அழுதிருக்கிறார்கள். அவளும் அவர்களோடு அழுதிருக்கிறாள். இவன் அழவில்லை. சிப்ஸ் விற்ற வாயாலேயே டர்னிப் விற்றான், அவ்வளவுதான். நாளைக்கு ஆணி விற்கச் சொன்னால் அதையும் இதே இளிப்போடு விற்பான். தான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவேண்டும், அதைத் தன் காதால் கேட்கவேண்டும் என்று அவள் காத்திருந்தாள். டர்னிப்பை அவன் எத்தனை பேருக்கு விற்றால் அவளுக்கென்ன.

காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. எர்லீனிடம்கூட அவள் சொல்லாத காரணம்.

அந்தச் சமையற்கூடத்துக்கு அவள் வந்த புதிதில் டப்பாவைத் திறந்து கொட்டும் சமையல் கிடையாது. விடியுமுன் வந்து மாவு பிசைந்து, பொங்கவிட்டு, பன் சுடுவாள். டர்னிப் கீரையைப் புகையிட்ட வான்கோழிக் கழுத்தோடு வேகவைப்பாள். அவளுடைய அம்மாவின் கையும் அப்படித்தான். ஆனால் சில வருஷங்களில் தட்டுகள் அப்படியே திரும்பி வரத் தொடங்கின. ஒரு கடி கடித்த பன், தொடாத கீரை. ஹோபர்ட் ஃபிஞ்ச் என்ற பன்றிப் பண்ணைக்காரன் மிச்சத்தை வாளி வாளியாக அள்ளிக்கொண்டு போவான். ஒருநாள் சர்ச் விருந்தில், எல்லார் முன்னாலும், "சிஸ்டர் கெயின்ஸ், என் பன்னிங்களுக்கு உங்க கைச்சமையல்னா உசிரு" என்று சொன்னான். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னான். மேஜை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அடுத்த வருஷத்திலிருந்து பன் பிசைவதை விட்டுவிட்டாள். உறைந்த கோழித் துண்டுகளைத் தட்டில் பரப்பி அடுப்பில் தள்ளினாள், டப்பா பீன்ஸைத் திறந்து கொட்டினாள். கேட்டவர்களிடம் முழங்கை வலி என்றாள். பிள்ளைகள் வாயில் வைக்காத சமையலுக்கு விடியலில் எழுந்திருப்பானேன்? தன் கையில் இருந்த ருசி போய்விட்டது, அல்லது எப்போதுமே இருந்ததில்லை, வீட்டிலிருப்பவர்கள் மரியாதைக்குத் தின்றார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டாள். மெஷின்மேல் கோபம் இருந்தது. ஆனால் நல்ல சமையலென்றால் ஒரு மெஷின் அதை ஜெயிக்குமா என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரலுக்குப் பதில் இல்லாததால்தான் அவள் வாய் அத்தனை நீளமாயிற்று.

அக்டோபர் கடைசியில் குப்பைத் தொட்டி மூலையில் டர்னிப் கீரை தழைத்துவிட்டது. எண்ணெய் மண்ணை வெட்டியெடுத்துக் கொட்டிவிட்டு, பலகை அடித்து, எங்கிருந்தோ மாட்டெருவும் நல்ல மண்ணும் கொண்டுவந்து நிரப்பியிருந்தான். பிள்ளைகள் தண்ணீர் விட்டார்கள் என்பதைவிட ஒருவர்மேல் ஒருவர் விட்டுக்கொண்டார்கள். கியோனா ஒரு கை நிறையக் கீரையைப் பிடுங்கி, வேர் மண்ணோடு சமையற்கூட வாசலுக்குக் கொண்டுவந்து, "மிஸ் ஒலீத்தா, இதை எங்களுக்குச் செஞ்சு தர்றீங்களா?" என்று கேட்டாள்.

"தோட்டத்துக் கீரையைச் சமைக்க எனக்கு உத்தரவு கிடையாது," என்றாள் ஒலீத்தா. பொய். பிரின்சிபல் அம்மாள் போன மாதமே சரி என்று சொல்லியிருந்தாள். "மண்ணைத் தரையில கொட்டாதே. போ."

பிள்ளை போயிற்று. எர்லீன் அன்று சிரிக்கவில்லை.

நவம்பரில் அந்தச் செய்தி வந்தது. கொண்டுவந்தது எர்லீன்தான். மெஷின் திரும்பி வரப்போகிறதாம். இந்தத் தடவை சட்டத்துக்குள் அடங்கிய சிப்ஸாம். பொரிக்காமல் சுட்டது, கொழுப்பு குறைத்தது, முழுத்தானியம். பொட்டலத்தில் ஒரு பச்சை இலை படம். வெர்லனின் பழைய மேலாளர் டுவைட் சோர்ல்ஸ் பள்ளிக் குழுவிடம் பேசியிருக்கிறான். மெஷினைப் பழைய இடத்திலேயே நிறுத்தவிட்டால், உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து மைதானத்துக்குக் கம்பெனி ஒரு ஸ்கோர் போர்டு வாங்கித் தரும். விளக்கெல்லாம் எரியும் பெரிய போர்டு. டல்லி ஃபெரி அணி அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. எவ்வளவில் தோற்கிறோம் என்று இன்னும் பெரிய எழுத்தில் பார்க்க ஊருக்கு ஆசை வந்துவிட்டது.

"இன்னும் இருக்கு," என்றாள் எர்லீன். "கூட்டத்துல பேசறதுக்கு நம்ம டாக்கெட்டைக் கூப்பிட்டிருக்காங்களாம். இப்போ அவன் ஆரோக்கியத்துக்கு ஆளு இல்லையா. இது நல்ல சிப்ஸுதான்னு அவன் வாயால சொல்லணுமாம். சொன்னா ரூட்டு மேனேஜர் வேலை தர்றேன்னு டுவைட் சொல்லியிருக்கான்."

ஒலீத்தா கையைத் துடைத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனாள். அவன் பலகையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கூட்டத்துல பேசப் போறியாமே."

"கூப்பிட்டாங்க மிஸ் ஒலீத்தா. போகணும்."

"போ. நல்லா பேசு. அந்தச் சட்டையையே போட்டுட்டுப் போ, அப்பத்தான் நம்புவாங்க." அவள் குரல் இறங்கவில்லை. "நீ வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்யா. ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுதாம். நீ அழக்கூட இல்ல."

அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "நீங்களும் வாங்க," என்றான். "கேக்க ஆள் வேணும்ல."

பள்ளிக் குழுக் கூட்டம் உயர்நிலைப் பள்ளியின் நூலகத்தில் மாலை நடந்தது. ஏழு பேர் மேஜைக்குப் பின்னால். ஒலீத்தா கடைசி வரிசையில், எர்லீனோடு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டுவைட் சோர்ல்ஸ் புதுச் சட்டையில் வந்து, திரையில் பச்சை இலைப் படங்களைக் காட்டினான். பிள்ளைகளின் நலன் என்று சொன்னான். அதையே சுற்றிச் சுற்றிச் சொன்னான். ஸ்கோர் போர்டின் படத்தைக் கடைசியில் காட்டினான். மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் அதற்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் வெர்லனைக் கூப்பிட்டார்கள். முள்ளங்கிச் சட்டையோடுதான் வந்திருந்தான். கையில் காகிதம் எதுவும் இல்லை. கடைக்காரன் முன்னால் நிற்பதுபோல ஒரு காலில் பாரம் போட்டு நின்றான்.

"டுவைட் சொன்னதெல்லாம் சரி," என்று தொடங்கினான். "நல்ல சரக்கு. விக்கும். நான் இந்த ஜில்லாவுல நெறைய வித்திருக்கேன், எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன். சிப்ஸ் ருசிக்கு விக்குதுன்னு நீங்க நெனக்கிறீங்க. அப்படி இல்ல. இடத்துக்கு விக்கும்."

டுவைட் தலையாட்டினான். இன்னும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

"டல்லி ஃபெரி சின்னப் பள்ளிக்கூடத்துல முதல்ல என் மெஷினை ஜிம் பக்கத்துல வெச்சேன். ஓடவே இல்ல. இந்த ஜில்லாவுலயே மட்டமா ஓடின மெஷின் அதுதான். ஏன்னு தெரியாம ஒருநாள் முழுக்க அங்கயே நின்னு பாத்தேன். பத்து மணி வாக்குல அந்தம்மா பன் சுடுவாங்க." திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்பக்கம் நீட்டினான். "அந்த வாசனை நடைபாதை முழுக்க வந்துச்சு. பிள்ளைங்க எல்லாம் மூக்கைத் தூக்கிக்கிட்டு, கன்னுக்குட்டி மாதிரி அந்தப் பக்கமே போச்சு. பாக்கெட்ல காசை வெச்சுக்கிட்டு என் மெஷினைத் தாண்டிப் போச்சு. அதுக்கு முன்னாடி என் சிப்ஸ் நிக்க முடியுமா? முடியாது. அப்போ என்ன செஞ்சேன்? வாசனை வர்றதுக்கு முன்னாடி பிள்ளையைப் பிடிச்சுட்டேன். அப்போ இருந்த பிரின்சிபலைப் பாத்து, ஒரு மைக்ரோவேவ் வாங்கிக் குடுத்து, மெஷினை பஸ் வாசலுக்கு மாத்தினேன். காலையில இறங்கினதுமே காசு எங்கிட்ட வந்துரும். மத்தியானம் பசி இருக்காது. அந்தம்மா சமையல் வாளியில போச்சு."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"அந்த வருஷம் ஜில்லாவுலயே முதல் ஆளு நான்தான். கம்பெனி எனக்கு ஒரு தோல் கோட்டு குடுத்தாங்க. டுவைட் கையாலதான் வாங்கினேன். என்ன டுவைட்?"

டுவைட் இப்போது தலையாட்டவில்லை.

குழுத் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆக மிஸ்டர் டாக்கெட் இதை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று கேட்டார்.

"மெஷின் வேணும்னா வெச்சுக்கோங்க. போர்டும் வாங்கிக்கோங்க. நம்ம ஆட்டத்துக்கு அது அதிகம்தான், இருந்தாலும் பரவால்ல. பிள்ளைங்க நல்லதுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. அதே பேச்சை நானே பதினாலு பிரின்சிபல்கிட்ட பேசியிருக்கேன். அவங்க அறைக்கு வெளிய வந்து சிரிப்பேன்."

சொல்லிவிட்டு நொண்டியபடி போய் உட்கார்ந்தான்.

ஓட்டுக்கு விட்டார்கள். நாலு பேர் மெஷின் வேண்டும் என்றார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். ஆனால் பஸ் வாசலில் வைக்கலாம் என்று கை தூக்க, இத்தனையும் கேட்ட பிறகு, அந்த நாலு பேருக்கும் கூச்சமாகிவிட்டது. மைதானத்தின் வாசலில், ஆட்டம் நடக்கும் நாளில் மட்டும் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த நிபந்தனைக்கு டுவைட் சிரித்து முகத்தைச் சமாளித்தான். வெர்லனுக்கு ரூட் மேனேஜர் வேலை அந்த இடத்திலேயே முடிந்தது என்பதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஒலீத்தா எழுந்திருக்கவில்லை. எர்லீன் தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தாள். இத்தனை வருஷமாகத் தன் கையைத்தான் அவள் சந்தேகப்பட்டிருந்தாள். மாவு பிசைந்த கையை, உப்புப் போட்ட கையை. அந்தப் பயல் நடைபாதையில் நின்று, வாசனையை அளந்து, அதைத் தோற்கடிக்க முடியாது என்று தெரிந்துகொண்டு, சுற்றிப் போய் முதுகில் குத்தியிருக்கிறான். அதற்குக் கோட்டும் வாங்கியிருக்கிறான். ஊரில் அவள் சமையலை உள்ளபடி அறிந்திருந்த ஒரே ஆள் அவன்தான். அழலாமா, அவன் கழுத்தைத் திருகலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டே வெச்சிருந்தியே. ஒரு நாளாவது எங்கிட்ட சொன்னியா?"

"நீங்க கேக்கலயே மிஸ் ஒலீத்தா. அதுவுமில்லாம, போட்டிக்காரங்ககிட்ட யாராவது சொல்லுவாங்களா?"

"நான் உனக்குப் போட்டிக்காரியா?"

"வேற யாரு?" என்றான் அவன், உண்மையான ஆச்சரியத்தோடு. "இந்த ஜில்லாவுல எனக்கு வேற யாரு இருந்தா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தக் கோட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு. நல்ல கோட்டு."

"கொண்டுவா. கொளுத்தணும்."

"மாட்டேன்," என்றான் வெர்லன். "குளிருக்கு அதுதான் என்கிட்ட இருக்கு."

திங்கட்கிழமை விடியுமுன் ஒலீத்தா சமையற்கூடத்தைத் திறந்தாள். அரசாங்கம் அனுப்பிய மாவு மூட்டை ஒரு மூலையில் கிடந்தது. எர்லீன் வந்தபோது மேஜை முழுக்க மாவு பொங்கிக்கொண்டிருந்தது. ஒலீத்தா தோட்டத்துக் கீரையை மூன்றாவது தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். முழங்கை வலி என்னவாயிற்று என்று எர்லீன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு அன்று நாள் நல்லபடி போயிருக்காது.

எல்லாப் பிள்ளைகளும் பாய்ந்து தின்றன என்று சொன்னால் அது டுவைட் சோர்ல்ஸ் பேசுகிற பேச்சாகிவிடும். பன் முழுக்கப் போயிற்று. கேட்டுக் கேட்டு வாங்கின. கீரை பாதி போயிற்று, பாதி வாளிக்குப் போயிற்று. செத்து விழுந்து நடித்த பையன் கீரைக்கும் ஒருமுறை செத்தான். கியோனா இரண்டாவது கிண்ணம் கேட்டாள். கீரைத் தண்ணீரில் பன்னை முக்கித் தின்னலாம் என்று அவளாகவே கண்டுபிடித்து, பக்கத்து மேஜைக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஒலீத்தா அன்று வரிசை முழுக்கத் தானே பரிமாறினாள். அந்தப் பிள்ளைக்கு மட்டும் கரண்டி கொஞ்சம் நிரம்பியே விழுந்தது.

ஜனவரி பிறந்த பிறகு மேரன் நேரில் வந்தாள், ஒரு போட்டோக்காரனையும் அழைத்துக்கொண்டு. டல்லி ஃபெரியில் பிள்ளைகள் கீரை தின்கிறார்கள் என்ற செய்தி தலைநகர்வரை போய், அங்கே அது சேவைத் திட்டத்தின் வெற்றியாக மாறியிருந்தது. நல்ல பெண்தான், பேச்சில் மட்டும் எல்லாமே உறவு, பயணம், மாற்றம் என்று வந்தது. மிஸ் ஒலீத்தாவும் மிஸ்டர் வெர்லனும் தோளில் கை போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும், நடுவில் ஒரு கூடை காய் வேண்டும் என்றாள்.

"என் தோள் மேல கை வெச்சான்னா அந்தக் கையும் கூடைக்குள்ள போயிரும்," என்றாள் ஒலீத்தா. "படம் வேணும்னா அங்க எடுத்துக்கோ. அவன் பாத்திரம் கழுவுறான். அதுதான் நிஜம்."

வெர்லன் நிஜமாகவே கழுவிக்கொண்டிருந்தான். அந்த வாரம் எர்லீனுக்குக் காய்ச்சல். சமையற்கூடத்தில் ஆள் குறைந்தால் சேவைக்காரன் பாத்திரம் கழுவ வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை; ஒலீத்தா சொன்னாள், அவன் செய்தான். போட்டோக்காரன் அவன் முதுகை இரண்டு படம் எடுத்துவிட்டு, பிள்ளைகளைத் தேடிப் போனான். மேரனும் பின்னாலேயே போனாள்.

இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒலீத்தா நாளைய மாவை மூடி வைத்துவிட்டு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கறேன். நேரா சொல்லு. நீ செஞ்சதுக்கு உனக்கு வருத்தம் உண்டா இல்லையா?"

வெர்லன் தண்ணீரை நிறுத்தினான். நிஜமாகவே யோசித்தான், அவன் நெற்றி சுருங்குவதை அவள் பார்த்தாள்.

"நான் அந்த வேலையை நல்லா செஞ்சேன் மிஸ் ஒலீத்தா," என்றான். "நல்லா செஞ்ச வேலைக்கு எப்படி வருத்தப்படறதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்."

அவள் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. இனி எத்தனை வருஷம் நின்றாலும் வேறு பதில் வராது என்பது மட்டும் அவளுக்கு அப்போது தெளிவாயிற்று. திருந்தாத ஜென்மம். பொய் சொல்லவும் தெரியாத ஜென்மம். ஒரு மன்னிப்பைக்கூடப் பொய்யாக விற்கத் தெரியவில்லை, இவன் என்ன வியாபாரி.

அவன் கழுவி வைத்த பெரிய தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூலையில் விரலை ஓட்டினாள்.

"எண்ணெய் போகல," என்றாள். "மறுபடி கழுவு."